கரீபியன் காவடி

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த நஞ்சுண்டன், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு செய்தி சொன்னார். சனிக்கிழமை ஆஸ்டினில் நடக்கும் கரீபியன் ஊர்வலத்துக்கு ரவுண்ட் ராக் தமிழர்கள் சார்பில் மோர்ப் பந்தல் போடுகிறார்கள். அறுபது லிட்டர் மோர். தயிரும் ஐஸும் அவர் பொறுப்பு. தாளிப்பு மட்டும் சாந்தாமணி செய்து கொடுத்துவிட வேண்டும்.

சாந்தாமணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. அந்த ஊர்வலத்தில் முதுகில் இறகு கட்டிக்கொண்டு ஆடப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. அது நஞ்சுண்டனுக்குத் தெரியாது. தெரியாமலே முடிந்துவிடும் என்றுதான் நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கெதுக்குங்க மோரு?" என்று மட்டும் கேட்டாள்.

நஞ்சுண்டனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவர் காங்கேயத்துக்காரர். பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகிற காவடிக் கூட்டத்துக்கு ரோட்டோரம் நின்று மோர் ஊற்றி வளர்ந்தவர். வெயிலில் ஒரு கூட்டம் மேளத்தோடு நடந்தால் வழியில் இருக்கிறவன் மோர் ஊற்ற வேண்டும். அது டெக்சாஸா, தாராபுரமா என்பதெல்லாம் அடுத்த விஷயம். தமிழ்ச் சங்கத் தலைவர் என்ற முறையில் ஊர்வலத்துக்கான தொண்டர் கூட்டத்துக்குப் போனவருக்கு அங்கே ஒரு படம் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் முடிவே பண்ணிவிட்டார்.

"நானே பாத்தேன் புள்ள. தோள்ல வாரு கட்டி, முதுகுக்கு மேல ஆளுயரத்துக்கு ரெக்கை. முன்னால மேளம், பின்னால சனம். இதுக்குக் காவடின்னு பேர் இல்லாம வேற என்ன பேரு? அவங்க ஊர்ல எந்தச் சாமிக்கோ."

அது சாமிக்கு இல்லீங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? மறுபடி வெங்காயத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை தனக்கு ரிலீஸ் இருக்கிறது என்று மூன்று வாரம் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ரிலீஸ் என்றால் அவள் கம்பெனியின் புது சாஃப்ட்வேர் வெளியே போகிற நாள். அவர்களைப் போன்ற வீடுகளில் அந்த ஒரு சொல் போதும். கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லையா, ரிலீஸ். மாமனார் திவசத்தில் பாதியில் எழுந்து போனாயா, ரிலீஸ். யாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நஞ்சுண்டனும் கேட்கவில்லை. சரி, நீ ஆபீஸ் போ, தாளிப்பு முதல் நாளே போட்டுக் கொடுத்துவிடு என்றார். பந்தலுக்கு ராஜலக்ஷ்மி மாமி, ஸ்ரீநிவாசன், இன்னும் ஐந்தாறு பேர் வருகிறார்கள் என்றார்.

ராஜலக்ஷ்மி மாமி என்ற பெயரைக் கேட்டதும் சாந்தாமணி அரிந்த வெங்காயத்தையே மறுபடி அரிந்தாள்.

ராஜலக்ஷ்மி சங்கத்தின் செயலாளர். மயிலாப்பூர்க்காரி. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. யார் முந்தானை சரிந்தாலும் ஓடிவந்து ஊக்கு குத்துகிறவள். ஒன்றரை வருடம் முன்பு பொங்கல் விழாவில் சாந்தாமணியின் தலையில் மல்லிகைச் சரம் நழுவுவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து வந்து பிடித்தாள். பூவோடு சேர்ந்து சவுரியும் அவள் கைக்கு வந்துவிட்டது. இன்னொரு கையில் மைக் இருந்தது. அது ஆனில் இருந்தது.

"ஐயோ, இதென்ன, கையோட வந்துடுத்தே" என்று மண்டபத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது.

இருநூறு பேர் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, பொங்கல் சிரிப்புதான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் தைராய்டு வந்து, தலைமுடி சீப்போடு சீப்பாகப் போய், காது ஓரத்தில் மண்டை தெரிகிறதை யாருக்கும் காட்டாமல் மூன்று வருடம் சமாளித்தவளுக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அப்போது நஞ்சுண்டன் பின்கட்டில் வடை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கதியே தெரியாது. அதற்கப்புறம் சங்கத்தில் எந்த விழா வந்தாலும் சாந்தாமணிக்குக் கால் வலி வந்தது.

பொங்கலில் சவுரி கைவிட்டுப் போன அதே வாரம், இன்னொரு சவுரி தேடித்தான் மார்வா என்பவளின் கடைக்குள் போனாள். பக்கத்து ஊரான ஃப்ளூகர்வில்லில் ஒரு டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருந்தது அது. கண்ணாடியில் இடுப்பு வரை பின்னல் போட்ட கறுப்பினப் பெண்ணின் படம். முடி விற்பார்கள் போல என்று நினைத்து உள்ளே போனவள், கல்லாவுக்குக் குனிந்து, மருந்துக்கடையில் கேட்கக் கூச்சமான சாமானைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

மார்வா ட்ரினிடாட் தீவிலிருந்து வந்தவள். அறுபத்திரண்டு வயது, தட்டினால் கணீரென்கிற உடம்பு. அவள் கிசுகிசுப்பை வாழ்நாளில் கேட்டதில்லை. எத்தனை நீளம், என்ன நிறம், சுருட்டையா, நேரா, பின்னலா என்று கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். நாற்காலிகளில் இருந்த ஆறு பெண்களும் திரும்பினார்கள். சாந்தாமணி பைக்குள் சாவியைத் தேடினாள், ஓடிவிடலாம் என்று.

யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இந்த முகத்துக்குத் தோள் வரை போதும் என்றாள் ஒருத்தி. கத்தரிப்பூ நிறம் எடுப்பாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் தன் தலையிலிருந்த விக்கை அப்படியே கழற்றி, உள்ளே எப்படித் தைத்திருக்கிறது என்று காட்டி, சாந்தாமணி தலையில் மாட்டி அழகு பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை ஒரு முடி, சனிக்கிழமை ஒரு முடி. வாங்கினதை வாங்கினது என்று சொல்வதில் அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை. புது முடி போட்டால் புதுச் சேலை உடுத்தின மாதிரி எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார்கள். மற்றவர்கள் கை தட்டுகிறார்கள்.

மார்வா ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். நூறு சதவீத இந்திய முடி என்று போட்டிருந்தது. சாந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடுமலைப்பேட்டையில் பிறந்தவள், ஒன்பது வயது வரை நான்கு முறை பழனியில் மொட்டை. கோயில் முடி ஏலம் போய்க் கப்பலேறுகிற கதை அவளுக்குத் தெரியும். அதைத் தன் இங்கிலீஷில் மார்வாவுக்குச் சொன்னாள். நான் சாமிக்குக் கொடுத்ததை நீ எனக்கே விற்கிறாயோ என்னவோ என்றாள். மார்வா சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் அந்தக் கடை. வீட்டில் வாக்கிங் என்று பேர். பின்னல் போட ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் அங்கே எல்லாருக்கும் எல்லாம் பேச நேரம் இருந்தது. சுவரில் பெரிய டிவி. முடி அலங்காரப் போட்டி ஒன்று வரும், கறுப்பினப் பெண்கள் தலைமேல் பறவை, விசிறி, கப்பல் எல்லாம் முடியாலேயே கட்டி நிறுத்துவார்கள். கிரிக்கெட் அம்பயரைத் திட்டுகிற மாதிரி அந்த நடுவர்களை இவர்கள் திட்டுவார்கள். மார்வா டெக்சாஸுக்கு வந்த புதிதில் டிவியிலும் ஷாம்பூ பாட்டிலிலும் அவளைப் போல ஒரு தலைகூட இருந்ததில்லையாம். செய்தி வாசித்த ஒரே ஒரு பெண்ணுக்கும் முடியை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கித்தான் உட்கார வைத்திருந்தார்களாம். இப்போது பார், டிவிக்காரிகள் போடுவதை நான் பத்து வருஷம் முன்னாடியே போட்டாச்சு என்பாள். சாந்தாமணிக்குத் தன் ஊர் டிவி ஞாபகம் வரும். எண்ணெய் விளம்பரத்தில் கணுக்கால் வரை முடி விழுகிற பெண். முடி கொட்டினவளையும் காட்டுவார்கள், எண்ணெய் வாங்குவதற்கு முன்னால், இரண்டு நொடி.

போட்டி முடிந்தால் ட்ரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் திருவிழா வீடியோ ஓடும். தெருவெல்லாம் இறகு, மணி, ஜிகினா. எழுபது வயதுக்காரிகள் லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போவார்கள். அந்த மேளத்துக்கு உட்கார்ந்திருக்கிற சாந்தாமணியின் பாதம் தானாகத் தட்டும். மார்வா பின்னிக்கொண்டே அதைக் கவனித்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உன்னைக் கேக்காமலே உன் கால் ஆடுது, டார்லிங். அதை வீட்ல கட்டிப்போட்டு என்ன பண்ணப் போற?"

ஜூன் மாத ஊர்வலத்தில் மார்வா முதன்முறையாகத் தன் பேரில் ஒரு குழு இறக்குகிறாள். முப்பது வருடம் மற்றவர்கள் குழுவில் பின்வரிசையில் நடந்தவள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மட்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடின சூரிய நிற உடை, முதுகில் இறகு, தலையில் தங்க இழை ஓடுகிற பின்னல்கள். பதினைந்து பேர் இருந்தால்தான் தனிக் குழுவாக நடுவர் மேடைக்கு முன்னால் விடுவார்கள். மார்வாவிடம் பதினாலு பேர் இருந்தார்கள்.

இப்படித்தான் பதினைந்தாவது ஆள் உண்டானாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே காராஜில் காருக்குள் உட்கார்ந்து மார்வாவுக்கு போன் போட்டாள். மோர்ப் பந்தல் என்றால் என்ன என்று விளக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. வெயிலில் நடக்கிறவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து சும்மா ஊற்றுவார்களா என்று மார்வா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். பிறகு சாந்தாமணி பொங்கல் கதையையும் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேண்டாம் மார்வா, அந்த அம்மா முன்னால் மறுபடி என்னால் தலையைக் காட்ட முடியாது என்றாள்.

 பயமாக இருந்தால் வர வேண்டாம் என்றாள் மார்வா. பதினாலு பேரை இன்சூரன்ஸ் கம்பெனி லாரிக்குப் பின்னால் சேர்த்துவிடுவார்கள், அவ்வளவுதானே, பின்னால் நடப்பது எனக்குப் புதுசா என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சாந்தாமணி தப்பித்திருப்பாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த போன் கலிஃபோர்னியா சான் ரமோனில் இருக்கிற மகள் வான்மதிக்கு. அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஜஸ்ட் டெல் அப்பா, மா. ஹீ வில் பி ஃபைன்."

"அப்பா இல்ல கண்ணு பிரச்சினை. ராஜி மாமி."

"ஹூ கேர்ஸ் அபவுட் ராஜி ஆன்ட்டி?"

"நான்தான். வேற யாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் தனக்கே அது சிரிப்பாக வந்தது. கார் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஏழு மணி நேரம் மார்வாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு பின்னல்கள், ஒவ்வொன்றிலும் தங்க இழை. முடிந்ததும் கடையில் எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றினாள். கை தட்டினார்கள். வீட்டுக்குப் போவதற்குள் காரிலேயே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தலையில் துண்டோடு நிற்கிற பொம்பளையை எந்தத் தமிழ்ப் புருஷனும் ஏனென்று கேட்கமாட்டான். எண்ணெய் வைத்திருப்பாள், குளித்திருப்பாள். நஞ்சுண்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஐஸ் பெட்டி தேடிக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டோடு நின்றுதான் வீட்டிலேயே பெரிய வாணலியில் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் தாளித்தாள். தன்னைப் பிடிக்கப்போகிற கண்ணிக்குத் தானே தாளித்துக் கொடுக்கிற பைத்தியக்காரி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று நினைத்தபோது துண்டுக்குள் பின்னல்கள் குலுங்கின. நஞ்சுண்டன் ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு, கரீபியன்காரன் பேரன் பேத்திக்குச் சொல்வான் என்றார். மறுநாள் விடியும்முன் அவர் ஐஸ் வாங்கக் கிளம்பிவிட்டார். அவள் துண்டை அவிழ்த்தாள்.

வெயில் பத்து மணிக்கே நூறைத் தொட்டது. மார்வாவின் பதினைந்து பேரும் லாரிக்குப் பின்னால் மூன்று வரிசையாக நின்றார்கள். இறகுச் சட்டத்தைத் தோளில் மாட்டி வாரை இழுத்தபோது சாந்தாமணிக்கு முதுகு கனத்தது, இரண்டாவது அடியில் கனம் போய்விட்டது. லாரியில் ஸ்பீக்கர்கள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. முதல் அடி விழுந்ததும் அது காதில் கேட்கவில்லை, தொப்புளில் கேட்டது. கண்ணுக்கு மேல் தங்கப் பூச்சு, கன்னத்தில் ஜிகினா. இடப்பக்கம் ஒரு பல் டாக்டர், வலப்பக்கம் பஸ் ஓட்டுகிற அம்மா. இரண்டு பேரும் அவளை இடுப்பால் இடித்து நடுவுக்குத் தள்ளினார்கள். சாலை ஓரத்தில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கை அசைத்தார்கள். சாந்தாமணி ஐம்பத்து மூன்று வருடத்தில் தெரு நடுவில் ஆடினதில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு ஆடினாள்.

பந்தலை நூறு கஜம் முன்பே பார்த்துவிட்டாள். நீல ஷாமியானா, வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள். 'கரீபியன் பக்தர்களே வருக' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பேனர். அதைத் தாண்டி ஐம்பது கஜத்தில் நடுவர் மேடை. தெருவின் எதிர்ப்பக்க ஓரமாக, பல் டாக்டருக்குப் பின்னால் பதுங்கி, வேகமாக ஆடிக் கடந்துவிடுவது என்பது அவள் திட்டம்.

முன்னால் போன குழு மேடையில் நேரம் எடுத்துக்கொண்டது. லாரி நின்றது. சரியாகப் பந்தலுக்கு முன்னால் நின்றது.

பந்தலில் ஏக வரவேற்பு. முன்னால் போனவர்களில் ஒருவன் இதில் ரம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறான், ஸ்ரீநிவாசன் அவனுக்குப் பெருங்காயத்தின் குணங்களை விளக்கிக்கொண்டிருந்தார். நஞ்சுண்டன் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டை முண்டாசாகச் சுற்றி, தட்டில் காகிதக் கப்புகளோடு தெருவோரம் கட்டியிருந்த கயிற்றருகே வந்தார், தாகத்தில் எல்லாரும் அங்கே கூடினார்கள். இறகு கட்டிய ஒவ்வொருத்திக்கும் முன்னால் நின்று, குனிந்து கும்பிட்டு, கப்பைக் கொடுத்தார். பஸ் ஓட்டுகிற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என்னை யாரும் கும்பிட்டதில்லை என்றாள்.

சாந்தாமணி எவ்வளவு பின்னால் போனாலும் இறகு முன்னால் நின்றது. அவர் அவளிடமும் வந்தார். ஜிகினாவுக்கு நடுவில் அவர் யாரையும் பார்க்கவில்லை.

"மேடம், பட்டர்மில்க். வெரி கூலிங்" என்றார். கும்பிட்டார்.

கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளை மேடம் என்றதில்லை. சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு கப்பை வாங்கினாள். தாகம் வேறு. இரண்டு மணி நேரம் ஆடிய தாகம்.

மற்ற பதினாலு பேரும் கப்பை உதட்டில் வைத்து உறிஞ்சினார்கள். சாந்தாமணியின் கை அதன் பாட்டுக்கு மேலே போனது. தலை பின்னால் சாய்ந்தது. உதடு படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து, நான்கடி இறகு முதுகில் இருக்க, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டாள்.

பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எச்சில் பண்ணாம சாப்பிடறாளே. யாரு இவ?" என்ற ராஜலக்ஷ்மியின் குரல் மைக் இல்லாமலே தெளிவாகக் கேட்டது.

நஞ்சுண்டன் அந்தத் தொண்டையைப் பார்த்தார். கப்பைப் பிடித்த விரல்களைப் பார்த்தார். தட்டு சாய்ந்து இரண்டு கப் மோர் அவர் வேட்டியில் போனது.

"சாந்தா?"

லாரி உறுமியது. மேளம் மறுபடி எழுந்தது. மார்வா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள், கூப்பிடவில்லை, பார்த்தாள். மேடை ஐம்பது கஜம். இல்லை சார், ஸாரி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நகரலாம். கால் வலி என்று உட்கார்ந்துவிடலாம். பந்தலில் எட்டு முகங்கள் தன் தலையைப் பார்ப்பது சாந்தாமணிக்குத் தெரிந்தது.

"ஆமாங்க. நான்தான்" என்றாள். "இப்ப நிக்க முடியாதுங்க. பதினஞ்சு பேர் இல்லாட்டி மார்வாவ விடமாட்டாங்க. போய்ட்டு வந்து சொல்றேன்."

காலி கப்பை அவர் தட்டில் வைத்துவிட்டு ஆடிக்கொண்டே வரிசையில் சேர்ந்தாள்.

நஞ்சுண்டன் இரண்டு நொடி நின்றார். பிறகு தட்டை வைத்துவிட்டு மோர் வாளியையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டார். அவர் யோசித்துச் செய்யவில்லை. வீட்டு ஆள் காவடி எடுத்தால் சொம்போடு கூடவே நடப்பதுதான் அவர் அறிந்த முறை. மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"வேண்டுதலா?"

"இல்லீங்க."

"எங்கிட்டக்கூடச் சொல்லாம, அப்படி என்ன வேண்டுதலு?"

இல்லை என்று மறுபடி சொல்லப் போனவளுக்கு அது பொய் என்று பட்டது. "முடிக்குத்தானுங்க" என்றாள். ஆடிக்கொண்டே, மேளத்துக்கு மேலே கத்தி, பொங்கல் கதையை நாலே வாக்கியத்தில் சொன்னாள். சவுரி, மைக், இருநூறு பேர், கால் வலி.

"நான் எங்க இருந்தேன்?"

"வடை எண்ணிட்டு இருந்தீங்க."

பத்தடி கூடவே நடந்தார். வாளி தளும்பியது. பிறகு அவள் தலையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குது."

"வாங்கின முடிங்க."

"இருக்கட்டுமே. ரெக்கை மட்டும் கூடப் பொறந்ததா?"

சாந்தாமணிக்கு ஆட்டம் தப்பியது. சிரித்ததில் பல் டாக்டரின் காலை மிதித்துவிட்டாள்.

அதற்குள் ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துகிற மார்ஷல் பச்சைச் சட்டையில் ஓடிவந்தான். வேஷம் கட்டாதவர்கள் கயிற்றுக்குள் இருந்தால் குழுவுக்கு மதிப்பெண் குறையும், ஐயா வெளியே போக வேண்டும் என்றான். நஞ்சுண்டன் வாளியைக் காட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தார். மார்வா திரும்பி வந்தாள். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்: மோரில் நனைந்த வேட்டி, முண்டாசு, வாளி. இடுப்புப் பையில் கைவிட்டு மூன்று விரலால் தங்க ஜிகினாவை எடுத்து அவர் முகத்துக்குக் கொண்டுபோனாள். கோயிலில் வளர்ந்த உடம்பு, தானாகக் குனிந்து நெற்றியைக் காட்டியது. மூன்று கோடாக ஜிகினா ஏறியது. சாந்தாமணி தன் முதுகிலிருந்து எட்டின இறகு இரண்டைப் பிய்த்து முண்டாசில் செருகினாள்.

"இப்ப வேஷம் ஆச்சா?" என்றாள் மார்வா.

மார்ஷல் யோசித்தான். "இவர் என்ன வேஷம்?"

"பால்காரர். எங்க தீவுல ரொம்பப் பழைய வேஷம்" என்று கண் இமைக்காமல் பொய் சொன்னாள். மார்ஷல் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மேடைக்கு முன்னால் வந்தார்கள். சூரிய நிறத்தில் பதினைந்து பெண்கள், நடுவில் ஒரு வாளி. நஞ்சுண்டனுக்குத் தெரிந்தது ஒரே ஆட்டம். தோளைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, இடமும் வலமுமாகக் காவடிச் சுழற்சி. ட்ரினிடாட் மேளத்துக்கு அது எப்படியோ பொருந்திவிட்டது, இல்லாவிட்டாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். ஒரு சுற்று முடிந்ததும் மேடைக்குப் போய் ஐந்து நடுவர்களுக்கும் மோர் ஊற்றினார். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியம்மா பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு மேஜையைத் தட்டினாள். அது பாராட்டு என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. மார்வா மேடைக்கு நேராக வந்து கைகளை விரித்து நின்றாள். அவள் குழுவின் பேரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அவள் பேரையும் சேர்த்து வாசித்தார்கள். மார்வா கன்னத்தில் ஜிகினா கரைந்து இரண்டு கோடாக இறங்கியது.

அப்போதுதான் சாந்தாமணி ராஜலக்ஷ்மியைப் பார்த்தாள். பந்தலை விட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை உயர்த்தியபடி கயிற்றோரமாகவே ஓடி வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"சாந்தாமணி, செத்த என்னைப் பாருங்கோ. முகத்தை மட்டும் எடுத்துக்கறேன். குரூப்ல போடணும்."

ஒன்றரை வருடமாகக் கண்ணில் படாமல் ஒதுங்கின முகம் இரண்டடி தூரத்தில் இருந்தது. சாந்தாமணி நெருங்கிப் போனாள்.

"முகம் மட்டும் வேண்டாங்க மாமி" என்றாள். "பின்னால வாங்க. பின்னல் முழுசா வரோணும்."

சொல்லிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அறுபத்தெட்டுப் பின்னலையும் அள்ளி முன்னால் போட்டு, ஒரு உதறு உதறி மறுபடி முதுகில் விழவிட்டு, லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போனாள். ராஜலக்ஷ்மி கொசுவத்தை இன்னும் ஒரு சாண் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.